நாலு அவுன்ஸ் கிளவுசும் நானூறு புளுகும்

"எம்எம்ஏ ஆளுங்க குத்து, பாக்ஸர் குத்தைவிட மூணு மடங்கு பலம் சார். கிளவுஸ் ஏன் அவ்ளோ சின்னதா இருக்குன்னு நெனச்சீங்க?"

இந்த வசனத்தை இந்த ஒரு வருஷத்துல நான் எத்தனை வாயிலேர்ந்து கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. துருகம் ரோட்டு டீக்கடையில கேட்டேன். கச்சிராயபாளையம் பஸ்ஸுல பின் சீட்டு பசங்க பேசிக்கிட்டு வந்தப்ப கேட்டேன். ஒரு கல்யாணப் பந்தியில, பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கும் மோருக்கும் நடுவுல இதையே சொன்னாரு. எல்லாருக்கும் ஊற்றுக்கண் ஒண்ணுதான்: செல்போன்ல ஓடற முப்பது செகண்டு வீடியோ. அப்புறம் அந்த வீடியோவையே பாடப்புத்தகமா வச்சு ஜிம் நடத்தற 'மாஸ்டர்'கள்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ல தனி மாவட்டமா ஆச்சு. அதுக்கப்புறம் ஊர்ல முளைச்ச விஷயங்கள்ல ஜிம்முக்கு முக்கிய இடம் உண்டு. நல்லதுதான். சாயங்காலமானா டாஸ்மாக் பக்கம் போற காலு ஜிம் பக்கம் போனா யாருக்கு வலிக்குது? ஆனா ஜிம்முக்குள்ள என்ன சொல்லிக்குடுக்கறாங்கன்னு பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. இந்தப் பதிவு அதுக்குத்தான். கொஞ்சம் நீளமா போகும், டீ வாங்கி வச்சுக்கங்க.

முதல்ல, சார்பட்டா படத்தோட குத்துச்சண்டை அறிவை நிறுத்திக்கிட்ட மக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பாக்ஸிங்ல ரெண்டு கை மட்டும்தான், இடுப்புக்கு மேல மட்டும்தான். எம்எம்ஏங்கற கலப்புச் சண்டையில கை, கால், முழங்கை, முழங்கால், பிடிச்சுத் தள்றது, கீழ போட்டு அமுக்கறது, கழுத்தை நெரிக்கறது எல்லாம் உண்டு. கூண்டுக்குள்ள நடக்கும். அதனால பிடிக்கறதுக்கு விரல் வெளிய தெரியற மாதிரி நாலு அவுன்ஸ் கிளவுஸ், அதாவது சுமார் 113 கிராம். தொழில்முறை பாக்ஸிங்ல 147 பவுண்டு எடை வரைக்கும் எட்டு அவுன்ஸ், அதுக்கு மேல பத்து அவுன்ஸ், அதாவது 283 கிராம். ஆக, கிளவுஸ் சின்னதா இருக்கறதுக்குக் காரணம் எதிராளியைப் பிடிக்கணும்கறது. குத்து பலமா விழணும்னு யாரும் அதைச் சின்னதாக்கல. மூணு மடங்கு வசனத்தோட பாதி இங்கயே செத்துப்போச்சு.

மீதி பாதிக்கு வருவோம்.

இந்த மாஸ்டர்கள் கையில எப்பவும் ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கும். பிரான்சிஸ் ங்கானு. காமரூன்காரர், யுஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியனா இருந்தவர். 2017-ல ஒரு மெஷின்ல குத்தி 129161 வாங்கினாரு, உலக சாதனை, ஃபோர்டு எஸ்கார்ட் காரு முழு வேகத்துல வந்து மோதற மாதிரி, 96 குதிரைத்திறன். இதைச் சொல்லும்போது அவங்க கண்ணு கலங்கும், அப்படி ஒரு பக்தி.

ரைட்டு. 129161 என்னது? கிலோவா? பவுண்டா? நியூட்டனா? ஒண்ணும் இல்ல. அந்த மெஷின் கம்பெனி தன் மெஷினுக்காகவே வச்சிருக்கற 'யூனிட்'. நம்மூர் பொருட்காட்சியில பத்து ரூபா போட்டு குத்தற மெஷின்ல 870-ன்னு வருமே, அந்த 870 என்னன்னு யாராவது கேட்டிருக்கோமா? அதே ரகம்தான், ஏசி ரூம்ல வச்சா கூடக் கொஞ்சம் மரியாதை. ஒரு மெஷின்ல வாங்கின மார்க்கை இன்னொரு மெஷின் மார்க்கோட ஒப்பிடவே முடியாது. அப்புறம் எப்படி அதை வச்சு ரெண்டு விளையாட்டை ஒப்பிடறது?

குதிரைத்திறன் இன்னும் பெரிய காமெடி. அது வேலை எவ்வளவு வேகமா நடக்குதுங்கற அளவு, அடி எவ்வளவு பலம்ங்கற அளவு கிடையாது. எங்க பக்கம் கெணத்து மோட்டாரு 5 எச்பி. அப்ப ங்கானுவைத் தூக்கிக் கெணத்துல விட்டா பத்தொம்பது மோட்டாருக்குத் தண்ணி எறைப்பாரா? கரும்புக்காரங்க யாராவது வாடகைக்குக் கேட்டுப்பாருங்கப்பா.

காரு கணக்கையும் முடிச்சுடறேன். ஒலிம்பிக் குத்துச்சண்டை வீரர்கள் ஏழு பேரை வச்சு, உணர்கருவி பொருத்தின பொம்மைத் தலையில குத்த விட்டு அளந்த ஒரு ஆய்வு 2005-ல வெளியாச்சு. கையோட சராசரி வேகம் செகண்டுக்கு 9.14 மீட்டர், அதாவது மணிக்கு 33 கிலோமீட்டர். குத்துக்குப் பின்னால வேலை செய்யற நிறை சராசரியா 2.9 கிலோ. சராசரி விசை 3427 நியூட்டன், நம்ம பாஷையில சுமார் 350 கிலோ எடை ஒரு கண நேரம் முகத்துல உக்காந்து எழுந்திருக்கற மாதிரி. வேகத்தையும் நிறையையும் வச்சு இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டா 120 ஜூல் சொச்சம் வருது. பன்னெண்டு கிலோ அரிசிச் சிப்பம் இடுப்பு உயரத்துலேர்ந்து விழுந்தா வர்ற ஆற்றல். மூக்கு மேல விழுந்தா போதும், ஆளு காலி. ஆனா ஒரு டன் காரு நூறு கிலோமீட்டர் வேகத்துல வந்தா அதோட ஆற்றல் இதைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல. ங்கானு சராசரி ஒலிம்பிக் வீரரைவிட ரெண்டு மடங்கு, ஏன் மூணு மடங்கே குத்தட்டும். காரு பக்கத்துல கூட வர முடியாது. பிளஸ் ஒன் இயற்பியல் படிச்ச பையன் அஞ்சு நிமிஷத்துல போடற கணக்கு இது. அதைப் போடாம வாயைப் பொளந்து பாக்கறதுக்குத்தான் முப்பது செகண்டு வீடியோ.

இதுக்கு முன்னாடி 1985-லயே இங்கிலாந்துல ஃபிராங்க் புருனோவைக் குத்த விட்டு அளந்தாங்க. 4096 நியூட்டன் வந்துச்சு. அதை அவங்க புரியற மாதிரி சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மெத்தை சுத்தின 6 கிலோ கொட்டாப்புளியை மணிக்கு 20 மைல் வேகத்துல வீசி அடிச்சா எப்படியோ அப்படி. கொட்டாப்புளின்னு நான்தான் சொல்றேன், அவங்க மரச் சுத்தியல்னாங்க. எங்க ஊருக்காரனுக்குக் கொட்டாப்புளி தெரியாம இருக்குமா? கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, 2021-ல. டக் டக்குன்னு உளியும் கொட்டாப்புளியும் பேசிக்கற சத்தம் கேட்டு வளர்ந்தவங்க இங்க நிறைய பேரு.

அந்தப் பட்டறையிலயே நம்ம கேள்விக்குப் பதில் இருக்கு. அதே ஆசாரி, அதே கொட்டாப்புளி, அதே கை வீச்சு. பட்டை உளி மேல தட்டினா அகலமா செதில் வரும். கூர் உளி மேல தட்டினா ஆழமா இறங்கும். இறங்கின ஆழத்தைப் பாத்துட்டு "கூர் உளி பிடிச்சா ஆசாரிக்குக் கையில பலம் கூடிடுது"ன்னு யாராவது சொன்னா பட்டறையில சிரிப்பாங்களா இல்லையா? நாலு அவுன்ஸ் கிளவுஸ் கூர் உளி. பஞ்சு கம்மி, அதனால விசை கம்மி பரப்புல, கம்மி நேரத்துல இறங்குது. புருவம் கிழியும், ரத்தம் கொட்டும், பாக்கறதுக்குப் பயங்கரமா இருக்கும். பத்து அவுன்ஸ்ல பஞ்சு அமுங்கறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்குது, அகலமா பரவுது. இன்னொண்ணும் உண்டு. பெரிய கிளவுசு ரெண்டையும் முகத்துக்கு முன்னால வச்சா அது ஒரு கதவு மாதிரி. சின்ன கிளவுசு வச்சா கதவு அடைக்காது, சந்துல புகுந்து வந்துடும். ஆக எம்எம்ஏ-ல ஆளு சட்டுனு விழறான்னா அதுல கிளவுசுக்குப் பங்கு, சந்துக்குப் பங்கு, எந்தப் பக்கத்துலேர்ந்து காலு வருமோ கை வருமோன்னு தெரியாத குழப்பத்துக்குப் பெரிய பங்கு. தெரியாம வாங்கின குத்துதான் ஆளை அதிகம் சாய்க்கும்னு எந்தப் பழைய பயிற்சியாளரைக் கேட்டாலும் சொல்வாரு. கழுத்து தயாரா இல்லாதப்ப தாடையில விழுந்தா தலை சுழலுது. உறியில தொங்கற தயிர்ச்சட்டியைச் சட்டுனு திருகினா உள்ள தயிர் என்னாகும்? மூளைக்கும் அதேதான்.

சரி, கிளவுசைக் கழட்டி ஓரமா வைங்க. வெறுமனே உடம்பு உருவாக்கற விசை எதுல அதிகம்?

இங்கதான் மாஸ்டர்கள் பேசவே மாட்டாங்க, ஏன்னா பேச வேண்டியது காலைப் பத்தி. குத்து கையில பொறக்கறது இல்ல. பின்னங்கால் தரையைத் தள்ளுது, குதிங்கால் திரும்புது, இடுப்பு திரும்புது, தோள் திரும்புது, கடைசியா கை. எங்க பக்கம் மரவள்ளிக் கிழங்கு புடுங்கறவங்களைப் பாருங்க. கையால இழுக்கறவன் பத்து செடிக்கு மேல தாங்க மாட்டான். காலை ஊணி இடுப்பால எழுந்திரிக்கறவன் பொழுது சாயற வரைக்கும் புடுங்குவான். கல்வராயன் மலைப் பசங்க வெள்ளிமலையிலேர்ந்து ஏறி இறங்கி வளர்ந்த காலோட வந்து நிப்பாங்க, அந்தக் காலை வச்சு என்னென்னவோ செய்யலாம். இவனுங்க முதல் நாளே கையில டம்பெல்லைக் குடுத்து உக்காத்தி வைப்பானுங்க.

பாக்ஸர் பக்கவாட்டுல நிப்பான், எடையை முன்னும் பின்னும் தாராளமா மாத்துவான். அவன் காலைப் பிடிச்சு இழுக்க யாரும் வர மாட்டாங்க, தொடையில உதைக்க யாரும் வர மாட்டாங்க. அந்தத் தைரியத்துல முழு உடம்பையும் குத்துக்குள்ள போடலாம். கூண்டுக்குள்ள நிக்கறவனுக்கு அந்தச் சலுகை இல்ல. முழுசா உள்ள போனான்னா எதிராளி காலை வாரிடுவான். அதனால கொஞ்சம் நேரா, கொஞ்சம் அகலமா, இடுப்பைப் பின்னால வச்சுக்கிட்டுதான் நிக்கணும். அதுக்கு விலையா குத்துல கொஞ்சம் விசையை விட்டுக்குடுக்கறான். அது அவன் விளையாட்டுக்குச் சரியான கணக்கு, நான் குறை சொல்லல. கூடவே நேரக் கணக்கு ஒண்ணு இருக்கு. பாக்ஸர் தன் முழு நாளையும் ரெண்டு கைக்கே குடுக்கறான். மத்தவன் அதே நாளை உதை, பிடி, மல்லு, நெரிப்புன்னு நாலு பங்கு போடறான். பங்கு போட்டவன் குத்து மட்டும் மூணு மடங்கு எப்படிங்க ஆகும்? வட்டிக்கு விட்டிருக்கானா?

2000-ல வெளியான இன்னொரு அளவீடு இதை நல்லாவே காட்டுது. தேர்ந்த குத்துச்சண்டை வீரர்களோட பின்கைக் குத்து சராசரி 4800 நியூட்டன், நடுத்தரமானவங்க 3722, புதுசா வந்தவங்க 2381. ஒரே விளையாட்டு, ஒரே கருவி, ரெண்டு மடங்கு வித்தியாசம். பயிற்சி உண்டாக்கற இடைவெளியே இவ்வளவு பெருசு. வாசல்ல பாக்ஸிங்னு போர்டு இருக்கா எம்எம்ஏ-ன்னு போர்டு இருக்காங்கறது அதுக்கப்புறம்தான்.

"தியரி எல்லாம் சரி சார், மோத விட்டுப் பாத்தாங்களா?" பாத்தாங்க.

2009-ல ரே மெர்சர். 1988 சியோல் ஒலிம்பிக் தங்கம் வாங்கின பாக்ஸர், அப்ப வயசு 48. எதிர்ல டிம் சில்வியா, யுஎஃப்சி-யோட முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன். எம்எம்ஏ விதிமுறை, எம்எம்ஏ கிளவுசு. ஒன்பது செகண்டு. ஒரே வலது கை. சில்வியா மல்லாந்துட்டாரு. நாப்பத்தெட்டு வயசுல நம்மாளுங்க ஷுகர் டெஸ்ட் ரிப்போர்ட்டோட நின்னுக்கிட்டு இருப்போம்.

2010-ல ஜேம்ஸ் டோனி, பல எடைப் பிரிவுல பாக்ஸிங் சாம்பியன். ராண்டி கோட்டூர் கூட யுஎஃப்சி-ல மோதினாரு. ஆரம்பிச்ச உடனே காலைப் பிடிச்சுக் கீழ போட்டுட்டாரு கோட்டூர், முதல் ரவுண்டுலயே நெரிச்சு முடிச்சுட்டாரு. மாஸ்டர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவாங்க. ஐயா, அந்தச் சண்டையில டோனியோட குத்துக்கு என்ன பலம்னு யாருக்காவது தெரிஞ்சுதா? அவர் குத்தவே இல்லையே! சண்டையில யார் ஜெயிப்பாங்கங்கறது வேற கேள்வி, யார் குத்து பலம்ங்கறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு என் பதில் எம்எம்ஏ-காரர்தான், தயங்காம சொல்வேன். அந்தப் பதிலை எடுத்து ரெண்டாவது கேள்வியில ஒட்டறது பித்தலாட்டம். (மேவெதர் - மெக்ரெகர் சண்டையை ரெண்டு தரப்புமே இழுப்பீங்கன்னு தெரியும். அது துட்டுக்கு நடந்த திருவிழா, நான் கணக்குல சேர்க்கல.)

அப்புறம் ங்கானுவே வந்தாரு. 2023 அக்டோபர் 28, ரியாத். டைசன் ஃபியூரி கூட பாக்ஸிங். மூணாவது ரவுண்டுல இடது கையால ஃபியூரியைத் தரையில உக்கார வச்சாரு! பத்து அவுன்ஸ் கிளவுசோட! நானும்தான் எழுந்து நின்னு கத்தினேன், ராத்திரின்னு கூடப் பாக்காம. கடைசியில பிளவுபட்ட தீர்ப்புல ஃபியூரி ஜெயிச்சாருன்னாலும், அந்த மனுஷன் கையில இடி இருக்குங்கறதுல யாருக்கும் சந்தேகம் வேணாம். நாலே மாசம் கழிச்சு, 2024 மார்ச் 8, அதே ரியாத். ஆன்டனி ஜோஷுவா ரெண்டே ரவுண்டுல மூணு தடவை விழ வச்சு முடிச்சாரு. கடைசிக் குத்துக்கு அப்புறம் ங்கானு கிடந்த கிடையைப் பாத்து வயித்தைப் பிசைஞ்சது.

இதுல மாஸ்டர்கள் சொல்லாத சங்கதி ஒண்ணு இருக்கு. ங்கானு சின்ன வயசுல காமரூன்ல மணல் குவாரியில வேலை செஞ்சவர். ஆசைப்பட்டது பாக்ஸராகணும்னு, கனவுல இருந்தவர் மைக் டைசன். இருபது வயசுக்கு மேல ஊர்ல கத்துக்கிட்டதும் பாக்ஸிங்தான், அதுக்காகத்தான் பாரிஸ் வரைக்கும் போனாரு. அங்க போன பிறகுதான் எம்எம்ஏ. நீங்க பூஜை போடற அந்தக் கை முதல்ல பாக்ஸிங்குக்குன்னு பழக்கின கை சாமிகளா!

இவ்வளவும் சும்மா அரட்டையா இருந்தா நான் இத்தனை தட்டச்சு செய்ய மாட்டேன். எங்க தெருவுல மலையிலேர்ந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கற பசங்க சிலர் உண்டு. மேல படிக்கணும், வேலைக்குப் படிக்கணும்னு கல்வராயன் மலையிலேர்ந்து கீழ இறங்கி வந்தவங்க. அதுல ஒரு பையன், பத்தொம்பது வயசு. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. ஓட்டம் இருக்கு, தாண்டறது இருக்கு, கயிறு ஏறறது இருக்கு. மரம் ஏறிப் பழகின பையனுக்குக் கயிறெல்லாம் தூசு. உடம்பைத் தேத்தறேன்னு ஒரு ஜிம்முல சேர்ந்தான். எந்த ஜிம்முன்னு இங்க எழுதப்போறதில்ல.

அங்க அவனுக்கு மூணாவது வாரமே நாலு அவுன்ஸ் கிளவுசை மாட்டி, தலைக்கவசம் இல்லாம, முழு பலத்தோட ஒருத்தன் கூட மோத விட்டிருக்காரு மாஸ்டர். கைக்குத் துணி கூடச் சரியா சுத்தல. "பெரிய கிளவுசுல பழகினா கை சோம்பேறி ஆயிடும், இதுல பழகினாத்தான் எலும்பு இறுகும்"னு வியாக்கியானம் வேற. பையன் வீசினான், எதிராளி தலையைக் குனிஞ்சான், குத்து போய் மண்டை ஓட்டுல விழுந்துச்சு. சுண்டுவிரல் முட்டிக்குக் கீழ எலும்பு முறிஞ்சுது. இந்த முறிவுக்கு ஆங்கில மருத்துவத்துல பாக்ஸர் முறிவுன்னே பேரு, ஆனா ஒழுங்கா பழகின பாக்ஸருக்கு இது அவ்வளவா வராது, குத்தத் தெரியாம குத்தறவனுக்குத்தான் அதிகம் வரும். ஒரு மாசத்துக்கு மேல மாவுக்கட்டு. உடல் தகுதித் தேர்வு அந்த மாசத்துலதான் வந்துச்சு. ஒரு கையால யாரு கயிறு ஏறறது?

நான் போய்க் கேட்டேன். "வீரம்னா அடி படத்தான் செய்யும் சார், இது கோலாட்டம் இல்ல"ன்னாரு. கோலாட்டத்துல கூட கோல் பிடிக்கச் சொல்லிக் குடுத்துட்டுத்தான்யா ஆட விடுவாங்க.

கிளவுஸ் எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா அந்த வியாக்கியானம் வந்திருக்காது. வெறுங்கையில சண்டை போட்ட காலத்துல தலையில குத்தப் பயப்படுவாங்க, ஏன்னா உடையறது குத்தினவன் கை. 1867-ல குவீன்ஸ்பெரி விதிகள் வந்து கிளவுஸ் கட்டாயமாச்சு. கிளவுஸ் முதல்ல காப்பாத்தறது குத்தறவன் கையைத்தான். கை பத்திரமானதும் தலையில தைரியமா, திரும்பத் திரும்பக் குத்த ஆரம்பிச்சாங்க. அதுதான் பாக்ஸிங்கோட பாவமும்.

ஆமா, பாக்ஸிங் பக்கத்துக்கும் ஒரு குட்டு வைக்காம விட மாட்டேன். "எம்எம்ஏ காட்டுமிராண்டித்தனம், எங்களுது கலை"ன்னு மூக்கை உயர்த்தற அண்ணன்களுக்கு: கனடாவுல எட்மண்டன் நகர டாக்டர்கள் சண்டைக்கு அப்புறம் சோதிச்ச பதிவுகளை வச்சு 2016-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஏதாவது காயம் பட்டவங்க எம்எம்ஏ-ல 59.4 சதவீதம், பாக்ஸிங்ல 49.8. ஆனா நினைவு தப்பினவங்க எம்எம்ஏ-ல 4.2 சதவீதம், பாக்ஸிங்ல 7.1. ரத்தம் அங்க அதிகம், மூளைக்கு அடி இங்க அதிகம். விழுந்தவனை எண்ணி எழுப்பி மறுபடி குத்து வாங்க விடறது நம்ம கலைதான். அதுக்காக அவங்க பக்கம் பூப்பந்துன்னு அர்த்தமில்ல. 2014-ல வந்த டொராண்டோ ஆய்வு யுஎஃப்சி வீடியோக்களை எண்ணிப் பாத்துச்சு. ஆளு சாய்ஞ்ச குத்துக்கும் நடுவர் நிறுத்தறதுக்கும் நடுவுல சராசரி 3.5 செகண்டு, அதுக்குள்ள தலையில இன்னும் 2.6 அடி. மூளைக்கு எந்த அடி பாக்ஸிங் அடி, எந்த அடி எம்எம்ஏ அடின்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது.

இத்தனை ஆபத்தும் தெரிஞ்சும் ஒரு மலைப் பையனை எதுல சேர்க்கலாம்னு கேட்டா நான் பாக்ஸிங்னுதான் சொல்வேன், காரணம் குத்தோட பலம் இல்ல. பாக்ஸிங் ஒலிம்பிக்ல இருக்கு, 2028 லாஸ் ஏஞ்சலஸ்லயும் இருக்கும்னு உறுதி பண்ணிட்டாங்க. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசம்னு படி இருக்கு. சர்டிபிகேட் இருக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலைக்குக் காட்டலாம். ரயில்வேயும் ராணுவமும் அணி வச்சிருக்காங்க. சென்னையிலேர்ந்து போன தேவராஜன் 1994-ல பாங்காக் உலகக் கோப்பையில வெண்கலம் வாங்கி, அர்ஜுனா விருதும் வாங்கினாரு. வடசென்னையில சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டின்னு பரம்பரை பரம்பரையா வாத்தியார்கள் இருந்தாங்க. சண்டைக்கு வெளிய எத்தனை ரோஷம் இருந்தாலும், சிஷ்யனுக்கு நிக்கச் சொல்லிக் குடுக்காம கோதாவுல இறக்கி விட மாட்டாங்க. எம்எம்ஏ-ல நம்ம நாட்டுலேர்ந்து பூஜா தோமர் 2024 ஜூன்ல யுஎஃப்சி-ல ஜெயிச்ச முதல் இந்தியப் பெண் ஆனாங்க, மனசாரக் கை தட்டினேன். ஆனா கள்ளக்குறிச்சி சந்துல இருக்கற ஜிம்முலேர்ந்து அந்தக் கூண்டு வரைக்கும் படிக்கட்டு எங்க இருக்குன்னு ஒரு மாஸ்டரும் எனக்குக் காட்டல. மாசக் கட்டணம் எவ்வளவுன்னு மட்டும் தெளிவா சொல்றாங்க.

ஊர்ல உங்க தம்பியோ அக்கா பையனோ இந்த மாதிரி இடத்துல சேர்றான்னா ஒரு நாள் நேர்ல போய் நில்லுங்க. மோத விடறப்ப பதினாறு அவுன்ஸ் கிளவுஸ் இருக்கா, பல்லுக்குக் காப்பு இருக்கா, கைக்குத் துணி சுத்தத் தெரியுதா, அடி பட்ட பையனை எத்தனை நாள் உக்கார வைப்பீங்கன்னு கேளுங்க. கடைசிக் கேள்விக்கு மாஸ்டர் சிரிச்சாருன்னா பையனைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடுங்க. முக்கியமா முதல் மாசம் என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. "காலு"ன்னு பதில் வந்தா அந்த ஆளுக்குத் தொழில் தெரியும்.

நம்ம பையனுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. மாசக் கட்டணம் கட்டின ரெண்டாயிரத்துல பாதியையாவது திருப்பிக் குடுங்கன்னு நான் கேட்டதுக்கு மாஸ்டர் இன்னும் பதில் சொல்லல. அடுத்த வாரம் மறுபடி போறேன், இந்தப் பதிவையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு.

டிஸ்கி: 'இறுதிச்சுற்று' படத்துல குத்துச்சண்டைக்காரியா கலக்கின ரித்திகா சிங், நிஜத்துல சூப்பர் ஃபைட் லீக்ல எம்எம்ஏ சண்டை போட்டவங்க. எம்எம்ஏ மேல எனக்கு வெறுப்புன்னு கும்ம வர்றவங்க முதல்ல அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பாத்தேன்னு எங்க வீட்டுல கேட்டுட்டு வாங்க :)